படிகள் மனப்பாடம், பக்கம் மட்டும் காலி

கேள்வி: வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், ஒன்பது பேர், வயது 26 முதல் 58 வரை. எல்லாருக்கும் படிக்க வரும், பேச்சுக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு விண்ணப்பமோ புகார்க் கடிதமோ எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நின்றுவிடுகிறார்கள். சிலர் முதல் வரியையே அடித்து அடித்து எழுதுகிறார்கள். "போர்டுல எழுதிப் போடுங்க, பாத்து எழுதிக்கிறோம்" என்கிறார்கள். திட்டமிடல், முதல் வரைவு, திருத்தம், பிழை பார்த்தல், இறுதிப் படி என்று ஐந்து படிகளையும் சொல்லிக்கொடுத்தேன். கேட்டால் ஒப்பிக்கிறார்கள், எழுத்தில் மாற்றமே இல்லை. இலக்கணத்திலிருந்து மறுபடி தொடங்கட்டுமா? ஒருவர் பேனாவையே தொட மாட்டேன் என்கிறார். அவருக்கு என்ன செய்வது?

பதில்: இலக்கணத்துக்குத் திரும்ப வேண்டாம். இரண்டு வரியில் நிற்பவரின் தாளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சொல்லின் நடுவில்தான் நின்றிருப்பார். சின்ன ர-வா பெரிய ற-வா என்று யோசிப்பதற்குள் அடுத்துச் சொல்ல நினைத்தது நழுவியிருக்கும். என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது, 'வந்துச்சு' என்று எழுதலாமா, படிப்பவர் என்ன நினைப்பார், கையெழுத்து கோணுகிறதே என்று எல்லாவற்றையும் அவர் ஒரே நேரத்தில் தூக்கிச் சுமக்கிறார். மனத்தில் ஒரு நேரத்தில் இருத்திவைக்க முடிவது கொஞ்சம்தான். அதை எழுத்துப்பிழைக் கவலையே விழுங்கிவிட்டால் கருத்துக்கு இடம் எங்கே?

பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007இல் வெளியிட்ட அறிக்கையும் இலக்கணத்துக்குத் திரும்ப வேண்டாம் என்றே காட்டுகிறது. எழுதும் உத்திகளை வெளிப்படையாகக் கற்பித்த முறைக்கு விளைவு அளவு, அதாவது பலன் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண், 0.82; இது பெரிய பலன். இலக்கணத்தைத் தனியாக எடுத்து நடத்தியதற்கோ சிறிய எதிர்மறை எண்தான் வந்தது. அந்த ஆய்வுகள் 4 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களைப் பற்றியவை என்பதால் எண்களை அப்படியே உங்கள் வகுப்புக்குப் பொருத்தாதீர்கள். ஆனால் கல்லூரிகளில் அடிப்படை எழுத்து வகுப்புக்கு வரும் பெரியவர்களிடம் சார்ல்ஸ் மெக்கார்தரும் அவருடைய குழுவும் இதே வழியில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்விலும் எழுத்தின் தரம் நன்றாகக் கூடியிருந்தது.

அப்படியானால் நீங்கள் கற்பித்த ஐந்து படிகள் ஏன் பலிக்கவில்லை? நீங்கள் கொடுத்தது படிகளின் பெயர்களை. கேரன் ஹாரிஸும் கிரஹாமும் 1980களிலிருந்து வளர்த்துவந்த கற்பித்தல் முறையில் ஆறு கட்டங்கள் உண்டு: தேவையான பின்னணி அறிவைத் தருவது, உத்தியைப் பற்றிக் கற்பவரோடு பேசுவது, ஆசிரியரே செய்து காட்டுவது, மனத்தில் பதிப்பது, கூடவே இருந்து தாங்குவது, தனியே விடுவது. நீங்கள் இரண்டாவதிலிருந்து நேராக நான்காவதற்குத் தாவிவிட்டீர்கள். செய்து காட்டுவதும் தாங்குவதும் விடுபட்டுப்போயின. இவை இரண்டுக்கும்தான் நாள் அதிகம் பிடிக்கும், பலன் வருவதும் இவற்றில்தான்.

முதலில் படிகளின் பெயர்களை மாற்றுங்கள். 'திட்டமிடல்' என்று கேட்டதும் கை எந்த வேலையையும் தொடங்காது. ஆறு ஏவல் சொற்கள் போதும்: கேள், கொட்டு, அடுக்கு, எழுது, மாற்று, பார். ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சொல்கிறது. இவற்றை ஓர் அட்டையில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள்.

'கேள்' என்பது மூன்று கேள்வி. யார் படிக்கப் போகிறார்? அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் வராதவரை அடுத்த சொல்லுக்குப் போகக் கூடாது. வளவளவென்று போகும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கெட்டிருக்கும்.

'கொட்டு' என்றால் மனத்தில் இருப்பதையெல்லாம் துண்டு துண்டாகத் தாளில் போடுவது. வாக்கியம் எழுதக் கூடாது, ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல் போதும். பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: வாக்கியம் எழுதாதே என்றாலும் பாதிப் பேர் எழுதுவார்கள், பள்ளிக்கூடம் அப்படிப் பழக்கியிருக்கிறது. அகலம் குறைந்த தாள் கொடுத்துப் பாருங்கள். ஒரு வரியில் நான்கு சொல்லுக்கு மேல் இடம் இல்லாவிட்டால் வாக்கியம் தானாகவே நின்றுவிடும்.

'அடுக்கு' என்பது எண் போடுவதும் அடித்துத் தள்ளுவதும். குறைந்தது ஒரு துண்டையாவது அடிக்க வேண்டும் என்று விதி வையுங்கள். கொட்டியதெல்லாம் கடிதத்துக்குள் போக வேண்டியதில்லை என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

'எழுது' என்னும்போது அழிப்பான் மேசையில் இருக்கக் கூடாது. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதட்டும். தவறினால் ஒரே கோடு. எழுத்தில் சந்தேகம் வந்தால் தெரிந்த மட்டும் எழுதி, அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு நகர வேண்டும். இந்த வட்டம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு வரியில் நிற்பவரை மூன்றாம் வரிக்குத் தள்ளுவது அதுதான். சந்தேகத்தை அவர் மறக்கவில்லை, பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைக்கிறார்.

'மாற்று' விஷயத்துக்கு, 'பார்' பிழைக்கு. இரண்டையும் கலக்கவே கூடாது. இவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி செய்து காட்டுவது. வீட்டிலேயே எழுதித் தயாரித்த அழகான கடிதத்தைப் பலகையில் போட்டுவிட்டு, "பாருங்கள், இப்படித்தான்" என்று காட்டுவது செய்து காட்டல் ஆகாது. கற்பவர் கண்ணுக்கு அது வித்தை. முடிந்த கடிதம் தெரியுமே தவிர, அதை எழுதியவர் எங்கே தயங்கினார், எதை விட்டார், ஏன் விட்டார் என்பது தெரியாது. வெறுங்கையோடு பலகை முன் நின்று, யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். ஷிப்ட் மாற்றம் கேட்டு மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது ஏறக்குறைய இப்படி:

"யாருக்கு எழுதறேன்? சூப்பர்வைசருக்கு. நான் நைட் ஷிப்ட் பாக்கறது அவருக்குத் தெரியும், அதை நீட்டி முழக்க வேண்டாம். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது தெரியாது, அதைச் சொல்லணும். படிச்சதும் அவர் என்ன பண்ணணும்? ரெண்டு மாசத்துக்குக் காலை ஷிப்ட் போடணும். சரி, கொட்டுவோம். நைட் ஷிப்ட் எட்டு மாசம். அம்மா ஆபரேஷன். பகல்ல தங்கச்சி பாத்துக்கறா. ராத்திரி ஆள் இல்ல. பஸ்ஸும் கிடைக்கல. காலை ஷிப்ட் ரெண்டு மாசம். மாத்திக்க ஒருத்தர் சம்மதிச்சிருக்கார். இதுக்கு முன்னாடி கேட்டுக் கொடுக்கல. ம்ம்... வேற எதுவும் தோணல. தோணலேன்னா என்ன பண்றது? கேள்வியைத் திரும்பப் பாப்போம். அவர் ஷிப்ட் மாத்தணும்னா அவருக்கு என்ன கவலை இருக்கும்? வேலை நிக்குமோன்னு. அப்போ ஆள் சம்மதிச்சது முக்கியம், அதை மேல கொண்டு போவோம். பஸ்ஸை அடிச்சிடலாம், அம்மா விஷயத்தோட சேர்த்தா சாக்கு மாதிரி ஆயிடும். 'முன்னாடி கேட்டுக் கொடுக்கல'ங்கறதையும் அடிச்சிடறேன். கோவம் வந்து எழுதினது அது."

இதில் கவனிக்க வேண்டியது அந்த "ம்ம், தோணல" இடம். நிச்சயமாக ஓர் இடத்தில் சிக்கி, அங்கிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று காட்டுங்கள். எழுதத் தெரிந்தவர் சிக்குவதே இல்லை என்றுதான் உங்கள் ஒன்பது பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் சிக்கியதும் பேனாவைக் கீழே வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காட்டி முடித்ததும், "நான் என்ன எழுதினேன்?" என்று கேட்காதீர்கள். "நான் எனக்கே என்ன சொல்லிக்கொண்டேன்?" என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொருவரும் சிக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியத்தைத் தன் வார்த்தையில் அட்டையின் பின்பக்கம் எழுதட்டும். "அடுத்த எண்ணைப் பாரு", "இப்போதைக்கு இது போதும், நகரு" என்ற மாதிரி. நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது வேலைக்காகாது.

செய்து காட்டுவதை ஒரே நாளோடு முடித்துவிடாதீர்கள். வேறு வேறு கடிதங்களுக்கு இரண்டு மூன்று முறையாவது காட்டுங்கள். அதன் பிறகு வகுப்பே சேர்ந்து ஒரு கடிதம் எழுதட்டும். யோசனை அவர்களுடையது, சாக்பீஸ் உங்கள் கையில். "போர்டுல எழுதிப் போடுங்க" என்ற கோரிக்கைக்கு இதுதான் சரியான பதில்: எழுதிப் போடலாம், ஆனால் நீங்கள் சொல்வதை மட்டும். யாரும் எதுவும் சொல்லாமல் ஒரு நிமிஷம் போனால் போகட்டும். அந்த மௌனத்தை நிரப்ப நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்துத் தாங்கும் கட்டம். ஒவ்வொருவரும் தன் கடிதத்தை எழுதுகிறார். அட்டை பக்கத்தில் இருக்கும், கொட்டவும் அடுக்கவும் கட்டம் போட்ட தாள் இருக்கும், நீங்களும் இருப்பீர்கள். ஆரம்பத்தில் ஆறு சொல்லையும் ஒரே வகுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாள் முதல் மூன்றோடு நிறுத்தி, அடுத்த வகுப்பில் எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்து களைத்து வருபவர்களுக்கு அதுவே போதும். கை பழகிய பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்: கேட்க 5 நிமிடம், கொட்ட 7, அடுக்க 8, எழுத 20 முதல் 25, மாற்ற 20, பார்க்க 10.

தாங்கலை எடுக்கும்போது ஒவ்வொன்றாக எடுங்கள். முதலில் கட்டத் தாள் போய் வெற்றுத் தாள் வரட்டும். பிறகு அட்டை போகட்டும், ஆறு சொல்லையும் தாளின் ஓரத்தில் அவரே எழுதிக்கொள்வார். கடைசியில் உங்கள் நினைவூட்டல். எப்போது எடுப்பது என்பதற்கு நாள்கணக்கு கிடையாது. கேட்காமலே ஒருவர் கொட்டித் தொடங்குகிறாரா என்று பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு கடிதங்களுக்கு அப்படிச் செய்தால் அவருக்கு ஒன்றை எடுக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் வேண்டியிருக்கும். ஒரு வகைக் கடிதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வகுப்புகள் ஆகலாம். பாடத்திட்டம் அவசரப்படுத்தும், இடம் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு வகை என்று மாற்றிக்கொண்டே போனால் எதுவும் படியாது.

இன்னொன்று. படிகளை ஏணி மாதிரி நடத்தாதீர்கள். லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும், எழுதுபவர்களை யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லவைத்துக் கவனித்து, 1981இல் சொன்ன முக்கியமான விஷயம், திட்டமிடுவதும் எழுதுவதும் திரும்பிப் பார்ப்பதும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும் என்பது. உங்கள் ஆள் எழுதிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒன்று தோன்றினால் கொட்டல் தாளுக்குத் திரும்பிப் போய்ச் சேர்த்துவிட்டு வரலாம். பின்னால் போகலாம், தாண்டித்தான் போகக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

இப்போது 'மாற்று'. திருத்தி எழுது என்றால் அழகான கையெழுத்தில் பார்த்து எழுதுவது என்றே பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். "நன்றாகப் படித்துப் பார்த்துத் திருத்துங்கள்" என்பதில் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: ஒன்று சேர், ஒன்று நீக்கு, ஒன்று இடம் மாற்று. முன்பு விட்ட வெற்று வரிகள் இங்கேதான் பயன்படும். கடிதத்தை இன்னொருவர் சத்தமாகப் படிக்க, எழுதியவர் கேட்கட்டும். தானே படித்தால் மனத்தில் இருப்பதைப் படித்துவிடுவார், விடுபட்ட சொல் கண்ணில் படாது. மற்றவர் படிக்கத் தடுமாறும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார். படித்தவர் 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கூடாது. "இதைப் படிச்சா நான் என்ன பண்ணணும்னு புரியுது" என்றோ "தேதி எங்க?" என்றோ சொல்ல வேண்டும். தன் எழுத்தை இன்னொருவரிடம் கொடுக்கக் கூச்சப்படுபவர் உங்களிடம் மட்டும் கொடுக்கட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம்.

'பார்' கடைசியில்தான். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கும் வேலையும் இங்கேதான் வருகிறது. தமிழில் எழுதும் பெரியவரை முதல் வரியிலேயே நிறுத்துவது இந்த இடைவெளிதான் என்பது என் கணிப்பு. 'சொல்லிட்டேன்' என்று மனத்தில் வந்ததை 'சொல்லிவிட்டேன்' ஆக்குவதிலேயே பாதிச் சக்தி போய்விடுகிறது. ஒவ்வொருவரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, தன் கடிதங்களில் வந்தவற்றை மட்டும் சேர்த்துவரட்டும்: வந்துச்சு, வந்தது. குடுங்க, கொடுங்கள். இருக்காங்க, இருக்கிறார்கள். பண்ணிட்டேன், செய்துவிட்டேன். சில வாரங்களில் ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

பிழைகளிலும் ஆளுக்கு இரண்டு வகைக்கு மேல் எடுக்காதீர்கள். ஒருவருக்கு ல, ள, ழ. இன்னொருவருக்கு ன, ண. வல்லின ஒற்று விதிகள் முழுவதையும் திறந்தால் வகுப்பு அங்கேயே மூழ்கிவிடும். 'அந்த', 'இந்த' என்பவற்றுக்குப் பின்னும், 'கடிதத்தைக் கொடுத்தேன்', 'அவருக்குச் சொன்னேன்' போல ஐ, கு என்னும் உருபுகளுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும். பிழை பார்க்கும்போது கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். பொருளின் ஓட்டம் அறுந்துவிடுவதால் கண் எழுத்தில் நிற்கும். வட்டம் போட்ட சொற்களை இப்போது அகராதியிலோ போனிலோ பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் திருத்தும் தாளிலும் இதே கட்டுப்பாடு வேண்டும். அந்த இரண்டு வகைக்கு மேல் சிவப்பு மை படக் கூடாது. தாள் முழுக்கச் சிவந்தால் அடுத்த முறை தெரிந்த சொற்களை மட்டும் வைத்து மூன்று வரி எழுதித் தப்பித்துக்கொள்வார்.

தலைப்புகளை அவர்களிடமிருந்தே வாங்குங்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரரிடம் 'நான் விரும்பும் பருவம்' கேட்டால் அவர் வராமல் போவதே நியாயம். இந்த வாரம் யாருக்கு எதை எழுத வேண்டியிருந்தது, எதைப் பிறரை விட்டு எழுதவைத்தீர்கள் என்று முதல் நாள் கேட்டால் பட்டியல் தானாக வரும். விடுப்பு, ஷிப்ட், வீட்டுக்காரருக்குக் குழாய் ஒழுகும் புகார், பிள்ளையின் பள்ளிக்குக் குறிப்பு. ஆறு சொல்லும் கடிதத்தோடு நின்றுவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பும்போதும் 'கேள், கொட்டு' முப்பது நொடியில் முடியும். அதை வகுப்பிலேயே ஒருமுறை செய்து காட்டினால்தான் வெளியிலும் செய்வார்கள்.

ஆளுக்கொரு கோப்பு வைத்து அதில் அட்டை, கொட்டல் தாள், வரைவு எல்லாவற்றையும் தேதியோடு போட்டுவையுங்கள். பெரியவர்கள் ஒரு வாரம் வருவார்கள், மறுவாரம் வேலை இழுத்துக்கொள்ளும். திரும்பி வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க கோப்பு உதவும். முன்னேற்றத்தை அளக்கவும் அதுவே போதும். முதல் நாள் எழுதியதையும் பத்தாம் வகுப்பில் உதவியில்லாமல் எழுதியதையும் பக்கத்தில் பக்கம் வையுங்கள். சொற்களை எண்ணிவிட்டு நிறுத்தாதீர்கள். என்ன வேண்டும் என்பது முதல் மூன்று வரிக்குள் வந்துவிட்டதா, காரணம் இருக்கிறதா, கொட்டிய தடயம் இருக்கிறதா, அடித்த கோடுகள் சொல்லில் மட்டும்தானா, வாக்கியத்திலும் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதே இரு தாள்களை அவரிடமே கொடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

பேனாவைத் தொடாதவர் விஷயம். முதலில் அவரால் எழுத முடியாததா, எழுத விரும்பாததா என்று பிரித்தறியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய விஷயத்தை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் துண்டுகளாகக் கொட்டல் தாளில் எழுதுங்கள். எண்ணை மட்டும் அவர் போடட்டும், அடிப்பதையும் அவரே அடிக்கட்டும். பேனா அவர் கைக்கு வருவது அப்போதுதான், அதுவும் பிழைக்கே இடமில்லாத வேலைக்கு. அடுத்த முறை போனில் பேசித் தட்டச்சாக்கும் வசதியில் அவரே கொட்டலாம். எண் போடுவதும் அடிப்பதும் தடையில்லாமல் நடந்து, எழுதும்போது மட்டும் கை நின்றால் சிக்கல் எழுத்து வடிவத்திலோ எழுத்துக்கூட்டுவதிலோ இருக்கிறது. கடித வேலையோடு கலக்காமல், வகுப்பின் தொடக்கத்தில் அவருக்கு ஐந்து நிமிடம், அவருடைய கடிதத்திலேயே வரும் பத்துச் சொற்களைச் சொல்வது கேட்டு எழுதும் பயிற்சி தனியாகக் கொடுங்கள். முழுக் கடிதத்தை அவரிடம் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதிய வரைவில் கடைசி வாக்கியத்தை மட்டும் காலியாக விட்டு அவரை எழுதச் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில் கடைசி இரண்டு. எண் போடுவதே தடுமாறினால், சொன்னதில் எது முக்கியம் எது இல்லை என்று பிரிப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கிறது. அப்போது எழுத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வேறொருவர் எழுதிய கடிதத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வதிலிருந்து தொடங்குங்கள்.